வெயில் தாங்கும் காலிஃபிளவர்: சொந்த ரகம் உருவாக்க எந்த வழி?

காலிஃபிளவரில் சொந்தமாக ஒரு ரகம் உருவாக்க நினைக்கும் உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கோ சிறு விதை உற்பத்தியாளருக்கோ இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. பலவகைச் செடிகள் கலந்த ஒரு தொகையை வைத்துக்கொண்டு தலைமுறைதோறும் நல்ல செடிகளைத் தெரிந்தெடுப்பது முதல் வழி. செடிக்கு இயல்பாகவே உள்ள தன் ஒவ்வாமையை, அதாவது சொந்த மகரந்தத்தை ஏற்காத குணத்தைப் பயன்படுத்தி, வீரிய ஒட்டு விதை (இரண்டு தூய வரிசைகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறை விதை) எடுப்பது இரண்டாவது. செடியில் மகரந்தம் உண்டாகாமல் செய்யும், தாய் வழியாக மட்டும் வரும் ஆண்மலட்டுச் சைட்டோபிளாசத்தை (செல்லில் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி) கொண்டு அதே வேலையைச் செய்வது மூன்றாவது. மகரந்தத்திலிருந்தே ஆய்வகத்தில் தூய வரிசைகளை (தலைமுறைதோறும் மாறாமல் ஒரே மாதிரி பிள்ளைகளைத் தரும் செடி வழிகளை) வளர்த்து, மரபணு மார்க்கர்களின் (வேண்டிய மரபணு இருக்கிறதா என்று காட்டும் டிஎன்ஏ அடையாளங்களின்) துணையோடு பொறுக்குவது நான்காவது. நான்கிலும் வெற்றி கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பணமும் நிலமும் ஆளும் குறைவாக உள்ள ஒரு குழு எதில் இறங்கலாம் என்று கேட்டால், நான் முதல் வழியைத்தான் சொல்வேன். ஏன் என்பதையும், எந்தச் சூழலில் என் பதில் மாறும் என்பதையும் விளக்குகிறேன்.

கையில் என்ன வேறுபாடு இருக்கிறது?

எந்த வழியில் போனாலும், தொடங்கும்போது கையில் உள்ள மரபணு வேறுபாடுதான் நாம் எட்டக்கூடிய எல்லையைத் தீர்மானிக்கிறது. தெரிவு எதையும் புதிதாகப் படைக்காது. சிதறிக் கிடக்கும் நல்ல மரபணுக்களை ஓரிடத்தில் சேர்க்கும், அவ்வளவுதான். ஆகவே வழியைப் பற்றி யோசிக்கும் முன் விதையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் இந்தியாவுக்கு ஒரு பெரிய சொத்து இருக்கிறது. 1822இல் சஹாரன்பூர் கம்பெனித் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த டாக்டர் ஜெம்சன் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து காலிஃபிளவர் விதையை இங்கே கொண்டுவந்தார். அது குளிர்நாட்டுப் பயிர். கங்கைச் சமவெளி உழவர்கள், வெயிலையும் மழையையும் தாண்டி எந்தச் செடி பூப்பிடித்து விதையும் கொடுத்ததோ அதன் விதையை மட்டும் எடுத்து வைத்தார்கள். தந்தைக்குப் பின் மகன் என்று நூறாண்டுக்கு மேல் நடந்த அந்த வேலையில் இந்தியக் காலிஃபிளவர் என்ற தனிக் குழுவே உருவாகிவிட்டது. விஷ்ணு ஸ்வரூப்பும் எஸ். எஸ். சாட்டர்ஜியும் 1972இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த வரலாற்றைப் பதிவு செய்திருக்கிறது. இங்கிலாந்தின் கார்னிஷ் வகைதான் இந்தக் குழுவின் முக்கிய மூதாதை என்பதும் அவர்கள் காட்டியதே. பயிர் மேம்பாட்டுப் படிப்பு இல்லாத உழவர்கள், தாவரத்தின் குளிர்த்தேவையையே மாற்றிக் காட்டிய சாதனை இது. இதற்குரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இந்தியக் குழுவையும் ஐரோப்பிய ஸ்னோபால் குழுவையும் அருகருகே வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஸ்னோபாலின் பூ வெண்மையானது, இறுக்கமானது, மணம் மென்மையானது. ஆனால் ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி வெப்பநிலையில்தான் நன்றாகப் பூப்பிடிக்கும். விதை எடுக்க நீண்ட குளிர் வேண்டும் என்பதால் அதன் விதை உற்பத்தி ஹிமாச்சலின் குல்லு, சோலன் போன்ற மலைப்பகுதிகளில் நடக்கிறது. இந்தியக் குழுவின் முற்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரியிலும் பூப்பிடிக்கும், வடஇந்தியச் சமவெளியிலேயே விதையும் தரும். அவற்றின் பூ சற்று மஞ்சள் ஓடியது, தளர்வானது, மணம் தூக்கலானது. இரண்டுக்கும் நடுவே 16–20 டிகிரிக்கும் 12–16 டிகிரிக்கும் ஏற்ற நடுப்பருவக் குழுக்கள் உண்டு.

இந்த வெப்ப எல்லைகளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முற்பருவ ரகத்தைக் கடுங்குளிரில் நட்டால், செடி தேறுவதற்குள்ளேயே பொத்தான் அளவில் பூ வந்து நின்றுவிடும். பிற்பருவ ரகத்தை வெயிலில் நட்டால் இலை மேல் இலையாக விட்டுக்கொண்டே போகும், பூ வராது. குளிரை உணர்ந்து பூக்கும் காலத்தை முடிவு செய்யும் மரபணுக்களில் ஒன்றான பிஓ-எஃப்எல்சி2இன் வேறுபாடுகள் இதற்கு ஒரு பகுதிக் காரணம் என்று 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. வயலுக்கு இது சொல்லும் பாடம்: இரண்டு செடிகளை ஒப்பிட வேண்டுமானால், அவை ஒரே தேதியில் நட்டவையாக, ஒரே பருவத்தைக் கடந்தவையாக இருக்க வேண்டும். ஆகஸ்டு நடவில் நன்றாக வந்த செடியையும் நவம்பர் நடவில் நன்றாக வந்த செடியையும் ஒரே தட்டில் வைத்தால், மரபணுவைத் தெரிந்தெடுப்பதாக நினைத்து வானிலையைத் தெரிந்தெடுத்துவிடுவோம்.

வெயில் தாங்கும் ரகம் வேண்டுமென்றால் தொகையின் பெரும்பகுதி இந்திய முற்பருவக் குழுவிலிருந்து வர வேண்டும். பூசா காட்கி, பூசா தீபாலி, பூசா மேக்னா, காசி குன்வாரி, சபூர் அக்ரிம் போன்றவை பொதுத்துறை நிறுவனங்கள் வெளியிட்ட, இயல்பாக விதை பிடிக்கும் ரகங்கள். தேசியத் தாவர மரபணு வளப் பணியகத்திடம் மேலும் பல உள்ளூர் வகைகள் இருக்கின்றன. 2001ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பதிவு பெற்ற ரகத்தையும் புதிய ரகம் உருவாக்கும் ஆய்வுக்குத் தொடக்கப் பொருளாகப் பயன்படுத்த அனுமதிக்கிறது. வெண்மையும் இறுக்கமும் வேண்டுமென்று ஸ்னோபாலைக் கொஞ்சம் கலக்கலாம். கலந்தால் அடுத்த சில தலைமுறைகளில் பூக்காத செடிகள் ஏராளமாக வரும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

எந்தப் பண்பைத் தேடுவது?

காலிஃபிளவரில் பயிர் மேம்பாட்டாளருக்கு இயற்கை ஒரு பெரிய சலுகை கொடுத்திருக்கிறது. சந்தையில் பூ என்று நாம் வாங்குவது, மலராக மாற முடியாமல் மீண்டும் மீண்டும் கிளைத்துக்கொண்டே போன தண்டு நுனிகளின் திரள். உண்மையான மஞ்சள் மலர்கள் அதற்குப் பல வாரங்களுக்குப் பிறகுதான் வரும். அதாவது எந்தச் செடி நல்லது என்று மகரந்தச்சேர்க்கைக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. வேண்டாத செடிகளை மலருமுன் வெட்டிவிட்டால், தாயும் தேர்ந்த செடி, தந்தையும் தேர்ந்த செடி என்றாகிவிடும்.

இதன் பலனைக் கணக்காகப் பார்க்கலாம். ஒரு தொகை சராசரியாக 75 நாளில் அறுவடைக்கு வருகிறது, நாம் தெரிந்தெடுத்த செடிகளின் சராசரி 68 நாள் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 7 நாள். அந்த வேறுபாட்டில் பாதி மரபணுவால் வந்தது என்றால், அடுத்த தலைமுறை 3.5 நாள் முந்தும். மகரந்தம் எங்கிருந்தோ வந்திருந்தால் அந்த முன்னேற்றம் பாதியாகி 1.75 நாள்தான். மலர்ந்து காய்த்த பிறகே பண்பு தெரியும் பயிர்களில் வேலை செய்பவர்களுக்கு எளிதில் கிடைக்காத வசதி இது.

அறுவடைக்கு வரும் நாள், தனிச் செடியைப் பார்த்துத் தெரிந்தெடுக்கும்போது நன்றாகப் பதில் தரும் பண்பு. பூவின் எடை அப்படியல்ல. ஒரு கூடை எரு கூடுதலாக விழுந்த இடம், வரப்போரம், பக்கத்துச் செடி செத்துப்போன இடைவெளி எல்லாம் எடையை ஏற்றிக் காட்டும். வயலிலேயே மிகப் பெரிய பூவைப் பார்த்ததும் அதை விதைக்கு விட வேண்டும் என்று எல்லோருக்கும் கை துடிக்கும். எடையை ஒரு செடியில் பார்க்காமல், அந்தச் செடியின் பிள்ளைகள் நிற்கும் வரிசை முழுவதிலும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இறுக்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வியாபாரி கேட்பது இறுக்கமான பூ, ஆகவே எல்லோரும் அதையே தேடுகிறார்கள். மிக இறுக்கமான பூவிலிருந்து மலர்த்தண்டு கிளம்பத் திணறும், பல சமயம் அழுகிவிடும். பூவின் நடுப்பகுதியைக் குடைந்து எடுத்து, ஓரங்களிலிருந்து தண்டு வர வழி செய்வது விதை உற்பத்தியாளர்களின் வழக்கமே. இறுக்கத்தை மட்டும் பார்த்துத் தொடர்ந்து தெரிந்தெடுத்தால், அழகான பூவும் விதையே தராத செடியுமாக முடியும். சொந்த விதைக்காக இறங்கிய குழுவுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. இறுக்கத்தில் நடுத்தரத்துக்குச் சற்று மேலான செடிகளை எடுத்து, அவற்றில் குடையாமலே தண்டு விட்டு நிறைய விதை தருபவற்றை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

வெப்பத்தில் பூவின் மேல் அரிசி அரிசியாக மொட்டுகள் எழும்புவதும், பூவுக்கு நடுவே பச்சை இலைகள் நீட்டிக்கொண்டு வருவதும் வெயில் ரகங்களுக்கு உரிய குறைகள். வெப்பநிலை தூண்டினாலும், ஒரே வயலில் சில செடிகளுக்கு வருகிறது, சிலவற்றுக்கு வருவதில்லை. ஆகவே இங்கே தெரிவுக்கு இடம் இருக்கிறது. வெப்பம் மிகுந்த நடவில்தான் இந்தக் குறைகளைத் தேட வேண்டும், வசதியான பருவத்தில் எல்லாச் செடியும் நல்ல செடியாகவே தெரியும். அதே நேரம், இலை நுனி குறுகிச் சாட்டைபோல் ஆவது மாலிப்டினம் குறைவால், பூ பழுப்பாவது போரான் குறைவால். உரத்தில் சரி செய்ய வேண்டியதை மரபணுவில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

நிறத்துக்கு நான் கடைசி இடம்தான் தருவேன். உள்ளிலைகள் நிமிர்ந்து பூவை மூடிக்கொள்ளும் செடியைத் தெரிந்தெடுத்தாலே மஞ்சள் ஓடுவது பெருமளவு குறையும். ஒரே மரபணுவால் வரும் நிறங்கள் வேறு கதை. 1970இல் கனடாவில் ஒரு வயலில் தற்செயலாகத் தோன்றிய ஆரஞ்சு நிறக் காலிஃபிளவரின் ‘ஓஆர்’ மரபணு பீட்டா கரோட்டினைப் பூவில் சேர்த்து வைக்கிறது. 2006இல் அந்த மரபணுவை ஆய்வாளர்கள் பிரித்தறிந்தார்கள். அதைக் கொண்டு புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா பீட்டா கேசரி 1 ரகத்தில் பீட்டா கரோட்டின் 8 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை இருக்கிறது. அந்த மூல வகையில், மரபணுவின் இரு பிரதிகளும் ‘ஓஆர்’ ஆக அமைந்த செடிகளில் பூ சிறுத்துவிடும், ஒரு பிரதி மட்டும் இருந்தால் பூ நன்றாக வளரும். இத்தகைய பண்புக்கு, ஒரு பெற்றோரிடம் மட்டும் அதை வைத்து வீரிய ஒட்டு எடுப்பது பொருத்தமான உத்தி.

தொகையைத் தெரிந்து தெரிந்து மேம்படுத்துவது

வேலை இப்படி நடக்கும். ஆறேழு ரகங்களின் விதையைக் கலந்து நட்டு, ஒன்றோடொன்று கலக்க விட்டு, அடுத்த பருவத்தில் ஓராயிரம் செடி நடுகிறோம். பூப் பிடித்த நேரத்தில் நூறு செடிகளைக் குச்சி நட்டு அடையாளம் வைக்கிறோம். மற்றவற்றை வெட்டிச் சந்தைக்கு அனுப்புகிறோம். கழிக்கப்பட்ட செடிக்கும் காய்கறி விலை கிடைப்பதால் தெரிவுத் தோட்டமே தன் செலவில் ஒரு பகுதியைச் சம்பாதித்துக்கொள்கிறது. ஒரு சிறு குழு ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்க இதுதான் உதவும்.

அடையாளம் வைத்த செடிகளைத் தேனீக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனி உறையில் போட வேண்டும். அடுத்த ஆண்டு ஒவ்வோர் உறையிலிருந்தும் பாதி விதையை ஒரு வரிசையாக நட்டு, மீதியைப் பத்திரப்படுத்துகிறோம். எந்த வரிசைகள் மொத்தமாக நன்றாக இருக்கின்றனவோ, அவற்றின் மிச்ச விதையைக் கலந்தால் அதுவே அடுத்த சுற்றுக்கான தொகை. தனிச் செடியைப் பார்த்து ஏமாறும் எடை போன்ற பண்புகள் இந்த முறையில்தான் பிடிபடும். ஒரு சுற்றுக்கு இரண்டு ஆண்டு ஆகும் என்பது இதன் விலை. நாள் கணக்கு, அரிசிப் பூ, விதை பிடிப்பு போன்றவற்றுக்கு மட்டும் ஆண்டுதோறும் நேரடித் தெரிவு போதும்.

எத்தனை செடிகளை விதைக்கு விடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். காலிஃபிளவர் பிற செடியின் மகரந்தத்தை நாடும் பயிர். இருபது செடி மட்டும் விதைக்கு நின்றால் தலைமுறைக்கு 2.5 சதவீதம் உறவுக்கலப்பு ஏறும், பத்துத் தலைமுறையில் அது 22 சதவீதத்தைத் தொடும். வீரியம் குறைவது கண்ணுக்கே தெரியும். நூறு செடி நின்றால் பத்துத் தலைமுறைக்குப் பிறகும் 5 சதவீதத்துக்குள் அடங்கும். மிகச் சிறந்த ஐந்து செடிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்ற ஆசையை அடக்கியே ஆக வேண்டும்.

இந்த வழியில் தனி உழவர் ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்து ஜகதீஷ் பிரசாத் பாரீக் எடுத்துக்காட்டு. தன் வயலில் ஆண்டுக்கணக்கில் தெரிந்தெடுத்தே அஜீத்கர் செலக்‌ஷன் என்ற காலிஃபிளவர் ரகத்தை உருவாக்கினார். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதன் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. வயல் முழுவதும் ஒரே நாளில் அறுவடைக்கு வராது, இரண்டு மூன்று வாரம் பரவும். பூவின் அளவும் ஒன்றுபோல் இருக்காது. பெரிய கொள்முதல் நிறுவனம் ஒரே எடைப் பூ கேட்டால் தர முடியாது. உள்ளூர்ச் சந்தைக்கு அனுப்பும் சிறு உழவருக்கு அறுவடை பரவுவது உண்மையில் நன்மை: ஒரே நாள் விலைச் சரிவில் எல்லாம் மாட்டிக்கொள்ளாது. சீர்மை இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால், ஒன்றோடொன்று நன்றாகச் சேரும் சில தூய வரிசைகளைத் தேர்ந்து கலந்து சின்தெடிக் ரகமாக்கலாம். பூசா ஏர்லி சின்தெடிக் அப்படிப் பிறந்ததுதான்.

மற்றொரு தடை, பயிர் விலகு தூரம், அதாவது அயல் மகரந்தம் வந்து கலக்காமல் இருக்க விட வேண்டிய இடைவெளி. ஆதார விதைக்கு (சான்று விதை எடுப்பதற்கான மூல விதை) 1,600 மீட்டர், உழவருக்கு விற்கும் சான்று விதைக்கு 1,000 மீட்டர். முட்டைக்கோசு, நூல்கோல், புரோக்கோலி எல்லாமே ஒரே சிற்றினம் என்பதால் அவை பக்கத்தில் பூத்தாலும் கலந்துவிடும். கடுகு வேறு சிற்றினம், அதைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம்.

தன் ஒவ்வாமையை வைத்து வீரிய ஒட்டு

காலிஃபிளவரின் சூல்முடி, தன் சொந்த மகரந்தத்தை அடையாளம் கண்டு விலக்கும். சூல்முடியில் ஒரு புரதமும் மகரந்தத்தின் மேலுறையில் மற்றொரு புரதமும் பூட்டும் சாவியும்போல் பொருந்தினால் மகரந்தக்குழாய் வளர்வது நின்றுவிடும். ஒவ்வாமை வகை வேறுபட்ட இரண்டு தூய வரிசைகளை அடுத்தடுத்து நட்டால், ஒவ்வொன்றும் மற்றதன் மகரந்தத்தைத்தான் ஏற்கும். இரண்டு வரிசையிலும் கிடைப்பது வீரிய ஒட்டு விதை. எதையும் வெளியிலிருந்து புகுத்தாமல், செடியின் சொந்தக் குணத்தையே பயன்படுத்துவதால் இந்த முறையில் எனக்குத் தனி மதிப்பு உண்டு. இந்திய முற்பருவக் குழுவில் இந்த ஒவ்வாமை மிக வலுவாக இருக்கிறது. ஸ்னோபாலில் அது தளர்ந்துபோய்விட்டதால் அங்கே இந்த வழி எடுபடாது. பொதுத்துறையின் முதல் காலிஃபிளவர் வீரிய ஒட்டான பூசா ஹைப்ரிட் 2 இந்த வழியில் வந்தது.

சிக்கல் பெற்றோரைப் பராமரிப்பதில் இருக்கிறது. தன் மகரந்தத்தை ஏற்காத வரிசையை எப்படிப் பெருக்குவது? மலர்வதற்கு இரண்டு முதல் நான்கு நாள் முன்பு, மொட்டில் இந்த ஒவ்வாமை இன்னும் உருவாகியிருக்காது. அந்த மொட்டைக் கையால் திறந்து, அதே செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். ஒவ்வொரு மொட்டாக, ஒவ்வோர் ஆண்டும். உப்புக் கரைசல் தெளிப்பதும், கூண்டுக்குள் 3 முதல் 5 சதவீதம் கரியமில வாயு செலுத்துவதும் உதவும், ஆனால் மொட்டு வேலைக்கு முழு மாற்றாகாது. வெப்பம் ஏறினாலோ மலர் முதிர்ந்தாலோ ஒவ்வாமை தளரும், அப்போது வீரிய ஒட்டு விதைக்குள் சொந்தக் கலப்பு விதையும் புகுந்துவிடும். வெயில் ரகத்துக்காக வெயிலில் விதை எடுப்பவருக்கு இது உண்மையான அபாயம். கை நேர்த்தியும் பொறுமையும் உள்ள நான்கைந்து பேர் நிலையாக வேலை செய்யும் குழு என்றால் மட்டும் இதில் இறங்கலாம்.

ஒகுரா ஆண்மலடு

1968இல் ஜப்பானிய ஆய்வாளர் ஒகுரா, மகரந்தமே உண்டாகாத முள்ளங்கிச் செடிகளைப் பற்றி வெளியிட்டார். அந்தச் சைட்டோபிளாசத்தை 1970களில் பிரான்ஸில் கோசு இனத்துக்கு மாற்றினார்கள். குளிரில் இலை வெளிறும் குறை இருந்தது, ஏனென்றால் முள்ளங்கியின் பசுங்கணிகம் கோசின் உட்கருவோடு ஒத்துப்போகவில்லை. 1980களில் செல் சுவரை நீக்கிய செல்களை ஒன்றாக இணைத்து, மலட்டுக்குக் காரணமான முள்ளங்கியின் மைட்டோகாண்ட்ரியாவையும் கோசின் பசுங்கணிகத்தையும் சேர்த்து அந்தக் குறையைத் தீர்த்தார்கள். இன்று விதைக் கடைகளில் கிடைக்கும் கோசுக் குடும்ப வீரிய ஒட்டுகளில் இந்தச் சைட்டோபிளாசம் பரவலாக இருக்கிறது. பூசா ஸ்னோபால் ஹைப்ரிட் 1உம் ஆண்மலட்டு முறையில் வந்ததே.

வணிக நோக்கில் இதற்கு ஈடு இல்லை. தாய்ச்செடியில் மகரந்தமே இல்லாததால் விதைத்தூய்மை கிட்டத்தட்ட முழுமையாக இருக்கும், வெயிலும் அதைக் குலைக்காது. நாம் உண்பது விதையை அல்ல என்பதால் வீரிய ஒட்டு மலடாக இருந்தாலும் விளைச்சலுக்குப் பாதிப்பில்லை. மலட்டை நீக்கும் மரபணு கோசு இனத்தில் இல்லை, அதனால் எந்தத் தூய வரிசையையும் தந்தையாக வைக்கலாம். ஒரு நல்ல வரிசையை மலட்டு வரிசையாக மாற்ற ஆறேழு தலைமுறை பின்கலப்பு (அதே வரிசையோடு மீண்டும் மீண்டும் கலப்பது) செய்ய வேண்டும். விதையும் தாய் வரிசைகளில் மட்டுமே கிடைக்கும். மலட்டு மலர்களில் மகரந்தம் இல்லாததாலும் தேன் குறைந்திருப்பதாலும் தேனீக்கள் தயங்குவதுண்டு.

என் எதிர்ப்பு இந்த இடத்தில் தொடங்குகிறது. ஒகுரா வீரிய ஒட்டுச் செடியைத் தந்தையாகப் பயன்படுத்த முடியாது, மகரந்தமே இல்லை. தாயாகப் பயன்படுத்தினால் அதன் பிள்ளைகள் எல்லாமும் மலடு, பேரப்பிள்ளைகளும் மலடு. அந்தச் செடிக்குள் எவ்வளவு நல்ல மரபணுக்கள் இருந்தாலும், அவை சாதாரண உழவரின் வயலுக்குத் திரும்பி வராது. மேலே சொன்ன 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு உழவருக்கு விதையைச் சேமிக்கவும் பகிரவும் உரிமை தருகிறது. தானாக விதை தராத, வேறு மகரந்தம் தந்தாலும் மலட்டுப் பிள்ளைகளையே தரும் செடியில் அந்த உரிமைக்கு என்ன பொருள்? நூறாண்டு உழைப்பில் கங்கைச் சமவெளி உழவர்கள் சேர்த்த வேறுபாடு, ஒருமுறை உள்ளே போனால் வெளியே வராத பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்பது என்னை உண்மையில் வருத்துகிறது.

எல்லா ரகங்களும் ஒரே சைட்டோபிளாசத்தில் நிற்பதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. 1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தின் பெரும்பகுதி டெக்சாஸ் என்ற ஒரே ஆண்மலட்டுச் சைட்டோபிளாசத்தில் இருந்தது. அதைக் குறிவைத்துத் தாக்கிய இலைக்கருகல் நோய் நாடு முழுவதும் பரவியது. காலிஃபிளவரில் அப்படி நடந்ததில்லை, ஆனால் அமைப்பு அதே அமைப்புதான். இயற்கை வேளாண் சந்தையை நோக்கும் குழு வேறொன்றையும் கவனிக்க வேண்டும்: செல் இணைப்பில் வந்த ரகங்களை டிமீட்டர் போன்ற சான்றிதழ் அமைப்புகள் ஏற்பதில்லை.

முதல் வழியில் இறங்குபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியதற்குக் காரணம் உண்டு. கடையில் வாங்கிய வீரிய ஒட்டில் நல்ல செடி ஒன்றைப் பார்த்து அதைத் தொகையில் சேர்த்துவிட்டால், மலடு தாய் வழியாகத் தொகைக்குள் நுழைந்து பரவக்கூடும். மலர்ந்தவுடன் மகரந்தப்பையை விரல் நகத்தில் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் தூள் ஒட்டவில்லை என்றால் அந்தச் செடியை அன்றே வெட்டிவிட வேண்டும்.

ஆய்வக வழி

முதிராத மகரந்தச் செல்லை வளர்த்து, குரோமோசோமை இரட்டித்துச் செடியாக்கினால் ஒரே படியில் முழுத் தூய வரிசை கிடைக்கும். சாதாரணத் தன் கலப்பில் ஆறு தலைமுறைக்குப் பிறகும் 1.6 சதவீதம் கலப்பு மிச்சம் இருக்கும். நான்கு மரபணுக்கள் ஒருசேர வேண்டுமென்றால், இரண்டாம் தலைமுறையில் 256 செடிக்கு ஒன்றுதான் கிடைக்கும், இந்த முறையில் 16க்கு ஒன்று. பிஆர்-161 என்ற வரிசையில் கண்டறியப்பட்ட கருப்பு அழுகல் நோய் எதிர்ப்பு மரபணு போன்றவற்றை மார்க்கர் வைத்து நாற்றங்காலிலேயே பிரித்துவிடலாம். ஆனால் நாள் கணக்கு, இறுக்கம், எடை எல்லாம் பல மரபணுக்களின் கூட்டு வேலை, அவற்றுக்கு வயலே சோதனைச்சாலை. திசு வளர்ப்புக் கூடம் இல்லாத குழுவுக்கு இது தொடக்க வழி ஆகாது. பக்கத்தில் பல்கலைக்கழகம் இருந்தால், நோய் எதிர்ப்பு ஒன்றை மட்டும் தொகைக்குள் கொண்டுவர அவர்களோடு சேர்ந்து வேலை செய்யலாம்.

யாருக்கு எது?

ஆண்டுக்குப் பல நூறு கிலோ விதை விற்கும் நிறுவனம், ஒரே எடைப் பூ கேட்கும் பேரங்காடிக்கு ஒப்பந்தம் செய்தது என்றால் ஒகுராதான் நடைமுறை வழி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிறுவனம் மகரந்தம் உள்ள மூலத் தொகையையும் தனியே பராமரிக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். பொது ஆராய்ச்சி நிலையங்கள் தன் ஒவ்வாமை முறையைக் கைவிடக் கூடாது, இந்தியக் குழுவில் அது இவ்வளவு வலுவாக இருக்கும்போது அதை விட்டுவிடுவது இழப்பு.

ஐந்து முதல் இருபது பேர் கொண்ட உழவர் குழுவுக்கு, தொகை மேம்பாடு. இதில் பாதி வழியில் நின்றாலும் கையில் ஒரு பயனுள்ள தொகை இருக்கும். மற்ற மூன்று வழிகளிலும் பாதியில் நிறுத்தினால் கையில் மிஞ்சுவது வீரியம் குன்றிய சில தூய வரிசைகள் மட்டுமே. தமிழ்நாட்டில் இதைச் செய்ய நினைப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைச் சோதிக்க வேண்டும்: தேர்ந்த ரகங்கள் உங்கள் ஊரில் பூவோடு நிற்கின்றனவா, தண்டு விட்டு விதையும் தருகின்றனவா என்று. வடக்கே பனிக்கால இரவுகளில் கிடைக்கும் குளிர் நம் சமவெளியில் கிடைக்காது. ஒவ்வொரு ரகத்திலும் ஐம்பது செடி நட்டு, பூவை அறுக்காமல் விட்டுப் பார்த்தால் ஒரே பருவத்தில் பதில் தெரிந்துவிடும். சமவெளியில் விதை பிடிக்காவிட்டால், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர் பக்கமோ அதற்கும் மேலோ விதைத் தோட்டத்தை வைத்து, தெரிவுத் தோட்டத்தை மட்டும் கீழே வெயிலில் வைக்கலாம். அப்போது வரிசை முறைதான் பொருந்தும்: கீழே சோதித்த வரிசைகளின் மிச்ச விதையை மேலே நட வேண்டும். அந்த விதையில் ஒரு பங்கை, நன்றாக உலர்த்திக் காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, எந்த ஆண்டு எந்தச் சுற்று என்று எழுதிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஏதோ ஒரு சுற்றில் தெரிவு தவறான திசையில் போய்விட்டால், திரும்பிப் போக அந்தப் புட்டி வேண்டும்.